பாலர் வகுப்பு ஆசிரியர் தம் நலக் கொள்கையை எழுதுவது எப்படி?

பாலர் வகுப்பு ஆசிரியர் பணிக்கான நேர்காணலிலும், முன்பருவக் கல்விப் பயிற்சி வகுப்புகளிலும், குழந்தைகளின் நலம் குறித்த தம் கொள்கையை ஒரு பக்கத்தில் எழுதித் தருமாறு கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலோர் எழுதித் தரும் பக்கத்தில் ‘முழுமையான வளர்ச்சி’, ‘அன்பான சூழல்’, ‘ஒவ்வொரு குழந்தையும் தனித்தன்மை வாய்ந்தது’ போன்ற தொடர்கள் நிறைந்திருக்கும். அவற்றில் பிழையேதும் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே ஆசிரியரின் வகுப்புக்குள் ஒருவர் நுழைந்து, இதில் எந்த வரியை நான் இங்கே கண்ணால் பார்க்கலாம் என்று கேட்டால், விடை சொல்வது கடினம். காலை பதினொரு மணிக்கு மூன்று குழந்தைகள் ஒருசேர அழும்போது ஆசிரியர் என்ன செய்கிறாரோ, அதுவே அவருடைய உண்மையான கொள்கை என்று நான் கருதுகிறேன். ஆகையால் கொள்கையை முதலில் எழுதிவிட்டு அதற்கு ஏற்ப வகுப்பை மாற்ற முயல்வதைவிட, வகுப்பின் ஒரு நாளை மணிவாரியாகச் சீர்செய்துவிட்டு, அப்படிச் செய்ததையே கொள்கையாக எழுதுவது நல்லது. இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது. சேலம் நகரிலும் சேர்வராயன் மலையிலும் மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளோடு நாளைக் கழிக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களையும், நர்சரிப் பள்ளி ஆசிரியர்களையும் மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு வாரம் பாருங்கள்

பேனாவை எடுக்கும் முன் ஒரு வாரம் குறிப்பு மட்டும் எடுங்கள். வெறும் வயிற்றோடு வருகிறவர் யார், நண்பகல் வரை ஒருமுறையும் சிறுநீர் கழிக்காதவர் யார், எந்த நேரத்தில் வகுப்பில் இரைச்சல் உச்சத்துக்குப் போகிறது, எந்த நேரத்தில் உங்கள் குரல் உயர்கிறது என்னும் நான்கை மட்டும் குறித்தால் போதும். நான்காவது கேள்வியைப் பலர் விட்டுவிடுவார்கள், விடாதீர்கள். குழந்தைகளின் இரைச்சல் உயர்ந்ததால் உங்கள் குரல் உயர்ந்ததா, உங்கள் குரல் உயர்ந்ததால் அவர்களுடைய இரைச்சல் உயர்ந்ததா என்பது ஒரு வாரக் குறிப்பில் ஓரளவு தெரிந்துவிடும்.

ஊரையும் பார்க்க வேண்டும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காட்டுக்குப் போனால் உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர். ஏப்ரல் மாதத்தில் கீழே வெப்பநிலை 40 டிகிரியைத் தொட்டுத் தாண்டும்போது மேலே காலை நேரத்தில் குழந்தை ஸ்வெட்டரோடு வரக்கூடும். சேலத்தின் நெசவுப் பகுதிகளான அம்மாப்பேட்டையிலும் குகையிலும் தறிச் சத்தத்துக்கு நடுவே வளரும் குழந்தை உரக்கப் பேசுவதைக் குறும்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் அப்படிப் பேசினால்தான் யாருக்காவது கேட்கும். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் மலையில் தாய்மார்கள் விடியற்காலையிலேயே தோட்டத்துக்குப் போய்விடுவதால், குழந்தையைக் கொண்டுவந்து விடுகிறவர் பெரும்பாலும் பாட்டியாகவோ எட்டு வயது அக்காவாகவோ இருப்பார். வேறோர் ஊருக்காக எழுதிய கொள்கையைப் பார்த்து எழுதினால் இவையெல்லாம் விடுபட்டுவிடும்.

குழந்தை நலம் குறித்த சட்டகங்களைப் பொறுத்தவரை இரண்டை அறிந்திருந்தால் போதும். உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், உலக வங்கி ஆகியவை பிற அமைப்புகளோடு சேர்ந்து 2018இல் வெளியிட்ட சட்டகம், சிறு குழந்தையின் நலத்தை உடல்நலம், போதிய ஊட்டம், குழந்தையின் குறிப்பறிந்து நடக்கும் பராமரிப்பு, பாதுகாப்பு, கற்பதற்கான வாய்ப்பு என ஐந்து கூறுகளாகப் பிரிக்கிறது. 2022இல் வெளிவந்த தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தின் அடித்தளநிலைப் பகுதி, அன்னமய கோசம் முதல் ஆனந்தமய கோசம் வரையிலான ஐந்து கோசங்களை, அதாவது உடல் தொடங்கி ஆனந்தம் வரை மனிதருக்கு உள்ளதாகச் சொல்லப்படும் ஐந்து உறைகளைக் கொண்டு இதையே வேறு வகையில் பேசுகிறது. நேர்காணல் செய்பவர் எதை விரும்புகிறாரோ அந்தப் பெயர்களை நீங்கள் பயன்படுத்தலாம். இரண்டிலுமே உடல்தான் முதலில் வருகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

தண்ணீரும் கழிப்பறையும்

இந்த இரண்டையும் பிரித்துப் பேச முடியாது. கழிப்பறைக்குப் போக அஞ்சும் குழந்தை தண்ணீர் குடிப்பதைத் தானே குறைத்துக்கொள்ளும். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும், சிறுநீர்க் கடுப்பு வரும், சேலத்து வெயிலில் தலைவலியும் எரிச்சலும் வரும். அந்த எரிச்சலை ஆசிரியர் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டுவிடுவார். எனவே முதல் வேலையாகக் கழிப்பறைக்குப் போய், ஒரு மூன்று வயதுக் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். விளக்கின் சுவிட்ச் எட்டுகிறதா, தரை வழுக்குகிறதா, தாழ்ப்பாள் உள்ளே சிக்கிக்கொள்ளுமா, குவளை எங்கே இருக்கிறது என்பவற்றை அங்கிருந்துதான் சரியாகப் பார்க்க முடியும். இருட்டும் நாற்றமுமே பல குழந்தைகளின் அச்சத்துக்குக் காரணம், அவை ஒரு நாள் வேலையில் தீர்ந்துபோகிறவை.

தண்ணீரை ‘தாகம் எடுத்தவர்கள் போய்க் குடியுங்கள்’ என்று விடாமல், வந்தவுடன், விளையாடிய பின், உணவுக்குப் பின், தூங்கி எழுந்த பின் என நேரம் வைத்துக் கொடுங்கள். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த காலம் தொட்டு, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் பயிற்சி நம் பாலர் பள்ளிகளில் இருந்துவருகிறது. அதைப் பயிற்சி அட்டவணையில் தனியாக வைக்காமல், சிறு சொம்பிலிருந்து தன் டம்ளருக்குத் தானே ஊற்றிக் குடிக்கச் செய்தால் இரண்டு வேலையும் ஒன்றாக முடிகிறது. சிந்தும். ஒரு துணியைப் பக்கத்தில் வைத்து, துடைப்பதையும் அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

கை கழுவுவதற்கு இருபது விநாடி ஆகும் ஒரு பாட்டை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள். சோப்புக்கட்டியை ஒரு பழைய காலுறைக்குள் போட்டுக் குழாயடியில் கட்டித் தொங்கவிட்டால், அது கீழே விழுந்து கரைவதும் இல்லை, காணாமல் போவதும் இல்லை.

உணவு: இங்கேதான் அதிகம் எழுத வேண்டும்

அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக் குழந்தை வரை சூடான சோற்றைக் கொண்டுசேர்த்தது. கலவைச் சோறும் முட்டையும் சத்துமாவும் இன்று அங்கன்வாடியில் இருப்பதால், அங்கே பணிபுரிவோருக்கு என்ன கொடுப்பது என்ற கேள்வியைவிட, கொடுப்பதைக் குழந்தை எப்படி உண்கிறது என்ற கேள்வியே பெரியது. தனியார் பள்ளி ஆசிரியருக்கு நிலைமை வேறு. அவர் முன்னால் இருப்பவை வீட்டிலிருந்து வந்த டிபன் பெட்டிகள். அவற்றின் உள்ளே பிஸ்கட், சிப்ஸ், சில நாள்களில் தட்டுவடை. இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே காய்த் துருவல் வைக்கும் நம் ஊர்த் தட்டுவடை செட்டில் கேரட்டும் பீட்ரூட்டும் இருப்பதைச் சுட்டிக்காட்டி அதைக் காய்கறி உணவு என்று வாதிட்ட தந்தை ஒருவரை எனக்குத் தெரியும். அவரோடு வாதிட்டு வெல்வது எளிதன்று.

நம் ஊரின் பெயரோடு ஒட்டிப்பிறந்த ஜவ்வரிசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சேலத்து ஜவ்வரிசி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது, அதில் நமக்குப் பெருமைதான். ஆயினும் ஜவ்வரிசி என்பது மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து. புரதம் அதில் அநேகமாக இல்லை. வயிறு சரியில்லாத நாளில் குழந்தைக்கு ஜவ்வரிசிக் கஞ்சி கொடுப்பதில் தவறில்லை. அதையே அன்றாடக் காலை உணவாக்கிவிட்டு, பிள்ளைக்கு எடை ஏறவில்லையே என்று வருந்தும் வீடுகளும் உண்டு. அவர்களிடம் ஜவ்வரிசியை நிறுத்தச் சொல்லாமல், அதே கஞ்சியில் பாலும் வறுத்துப் பொடித்த நிலக்கடலையும் சேர்க்கச் சொன்னால் மறுநாளே செய்வார்கள். கேழ்வரகை நினைவூட்டுங்கள், 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் அதில் இருக்கிறது, விலையும் எல்லார்க்கும் கட்டுப்படியாகும். மலையில் சாமையும் தினையும் இன்னும் வீடுகளில் புழங்குகின்றன. அவற்றைக் குழந்தை பள்ளிக்குக் கொண்டுவரும் நாளில் ஆசிரியர் அதை வாங்கி ஒரு வாய் உண்டு பாராட்டினால், அரிசிச் சோறுதான் உயர்ந்தது என்னும் எண்ணம் கொஞ்சம் இளகும்.

மலையில் இன்னொரு பழக்கமும் உண்டு. சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. மூன்று வயதுக் குழந்தைக்கும் காலையில் கடுங்காப்பி கொடுக்கும் வீடுகள் அங்கே இருக்கின்றன. காப்பியிலும் தேநீரிலும் உள்ள சில பொருள்கள் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்வதைத் தடுக்கும். இரத்தசோகையோடு இருக்கும் குழந்தைக்கு இது மேலும் கெடுதல். ‘காப்பி கொடுக்காதீர்கள்’ என்பதைவிட, ‘சோற்றோடு காப்பி வேண்டாம், நெல்லிக்காயோ ஆரஞ்சுச் சுளையோ கொடுங்கள்’ என்பது கேட்கத்தக்க அறிவுரை. வைட்டமின் சி இரும்பை உடலில் சேர்க்க உதவுகிறது, ஆரஞ்சு அந்த மலையிலேயே விளைகிறது.

உண்ணும் நேரத்துக்கு என் வகுப்பில் மூன்று ஒழுங்குகள் உண்டு. தட்டில் வைக்கும் முதல் அளவு சிறிதாக இருக்கும், வேண்டுமென்றால் மீண்டும் கேட்கலாம். வாயைப் பிளந்து ஊட்டுவதில்லை. மிச்சம் வைத்ததற்காக ஒருவரையும் மற்றவர் முன்னிலையில் பேசுவதில்லை. முட்டையின் மஞ்சள்கருவை வெறுக்கும் குழந்தைக்கு அதைச் சோற்றில் மசித்து ஒளித்துக் கொடுப்பதை நான் ஏற்பதில்லை. கண்டுபிடித்துவிட்டால், அடுத்த நாள் சோற்றையும் நம்பாது. வெள்ளைக்கருவை மட்டும் உண்ணட்டும், மஞ்சள்கரு தட்டின் ஓரத்தில் இருக்கட்டும். பக்கத்தில் அமர்ந்திருக்கும் தோழி அதை ருசித்து உண்பதைப் பல நாள் பார்த்த பிறகு விரல் நுனியால் ஒரு துணுக்கை எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கும் குழந்தையை நீங்களும் காண்பீர்கள்.

தொண்டையில் சிக்கும் பொருள்களை மட்டும் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். முழு நிலக்கடலை, முழுத் திராட்சை, கொட்டையோடு நாவல்பழம், வேகவைத்த முழுப் பலாக்கொட்டை ஆகியவற்றை இந்த வயதில் அப்படியே கொடுக்கக் கூடாது. கடலையைப் பொடித்தும், திராட்சையை நீளவாக்கில் நறுக்கியும் கொடுங்கள். ஓடிக்கொண்டே உண்ண விடாதீர்கள்.

அசைவும் உறக்கமும்

மூன்று, நான்கு வயதுக் குழந்தை நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும், பகலுறக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும், திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பரிந்துரை. எழுத்துப் பயிற்சிக்காக இந்த வயதினரை இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்காரவைக்கும் பள்ளியில் நீங்கள் இருந்தால், இந்த எண்களைத் தலைமையாசிரியரிடம் மரியாதையோடு காட்டுங்கள்.

சேலத்தில் மார்ச் தொடங்கி வெளி விளையாட்டைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். இரும்புச் சறுக்குமரத்தை வெயிலேறிய பின் உங்கள் கையை வைத்துச் சோதிக்காமல் திறக்காதீர்கள். மலையில் இதற்கு நேர்மாறாக, மூடுபனி விலகிய பின் வெளியே செல்வது நல்லது. பாயும் போர்வையும் ஈரம் கோத்துவிடும் என்பதால் வெயில் தலைகாட்டும் நாளில் எல்லாவற்றையும் உலர்த்தி எடுங்கள். வெறுங்காலோடு மண்ணில் நடக்கும் குழந்தைகளுக்குக் கொக்கிப்புழு பாதத்தின் தோல் வழியாகவே உடலுக்குள் நுழைந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. ஆகவே மலைப்பகுதியில் செருப்பு என்பது ஒழுங்கு சார்ந்த விஷயமன்று, இரத்தம் சார்ந்தது. ஆண்டுக்கு இரு முறை கொடுக்கப்படும் குடற்புழு நீக்க மாத்திரையையும், ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கப்படும் வைட்டமின் ஏ திரவத்தையும் எந்தக் குழந்தை தவறவிட்டது என்ற பட்டியல் உங்கள் மேசையில் இருக்கட்டும்.

அழுகையும் கோபமும்

ஜூன் மாதத்தில் வாசலில் நடப்பதை வைத்தே ஒரு பள்ளியின் கொள்கையைச் சொல்லிவிடலாம். குழந்தை வேறெங்கோ பார்க்கும்போது சொல்லாமல் நழுவிவிடுமாறு பெற்றோரிடம் கூறுவது பரவலான பழக்கம். அன்றைய அழுகை அதனால் ஐந்து நிமிடம் தள்ளிப்போகும். ஆனால் அம்மா எந்த நொடியிலும் மறைந்துவிடக்கூடும் என்று கண்டுகொண்ட குழந்தை, மறுநாள் முந்தானையை விடவே விடாது. பேத்தியை விட வந்த ஒரு பாட்டி, “அழ அழ விட்டுட்டுப் போகச் சொல்றீங்களே டீச்சர், மனசு கேக்குமா?” என்று கேட்டார். “போறேன்னு அவகிட்டயே சொல்லிட்டுப் போங்க பாட்டி. எப்ப வருவீங்கன்னும் சொல்லிருங்க” என்றேன். மூன்று மணிக்கு வருவேன் என்றால் குழந்தைக்குப் புரியாது. ‘முட்டை சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் வருவேன்’ என்றால் புரியும். சொன்னபடி வர வேண்டும் என்பதையும் பாட்டியிடம் அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

பூச்சாண்டி, போலீஸ்காரர், ஊசி போடும் டாக்டர் ஆகிய மூவரின் பெயரையும் அச்சுறுத்தலுக்குப் பயன்படுத்துவதில்லை என்பதைக் கொள்கையில் வெளிப்படையாக எழுதுங்கள். ஊசியைக் காட்டி மிரட்டப்பட்ட குழந்தையைத் தடுப்பூசி நாளில் பிடித்துவைக்கக் கிராம சுகாதாரச் செவிலியர் படும் பாட்டை ஒருமுறை பார்த்தவர்கள் இதற்குக் காரணம் கேட்க மாட்டார்கள். ‘ஆம்பளப் பிள்ளை அழலாமா?’ என்பதையும் இதே பட்டியலில் சேர்க்கிறேன். அழுகிற குழந்தையிடம் முதலில் நடந்ததைச் சொல்லுங்கள்: “அவன் உன் வண்டிய எடுத்துட்டான், அதான் உனக்குக் கோபம்.” வண்டியைத் திருப்பித் தருவதா, முறை வைத்து விளையாடுவதா என்பது அதற்குப் பிறகு. தன் கோபத்துக்குப் பெயர் இருக்கிறது, அது பெரியவருக்கும் தெரிகிறது என்று கண்டவுடன் பாதி அழுகை அடங்கிவிடும்.

‘மூச்சை நன்றாக இழுத்து விடு’ என்றால் மூன்று வயதுக் குழந்தை தோளைத் தூக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதற்குப் பதிலாக இரண்டு கைகளையும் கிண்ணம்போல் குவிக்கச் சொல்லி, ‘அதில் சூடான பால் இருக்கிறது, ஊதி ஆற்று’ என்றால் நீளமாக ஊதும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும்; நமக்கு வேண்டியது அதுவே. இதை அழும் நேரத்தில் புதிதாகக் கற்றுக்கொடுக்க முடியாது. அமைதியான நேரத்தில் விளையாட்டாகப் பழக்கியிருக்க வேண்டும்.

மாண்டிசோரி முறையில், சிறு மணியை ஒலிக்காமல் எடுத்துச் செல்லும் பயிற்சி ஒன்று இருக்கிறது. வெள்ளிக் கொலுசு செய்யும் சேலத்தில் மணியைத் தேட வேண்டுமா? முத்துகள் நிறைந்த ஒரு கொலுசை வைத்துக்கொண்டு நான் அதைச் செய்கிறேன். தரையில் கோலமாவால் நீண்ட கோடொன்றை வளைத்து இழுத்துவிட்டு, கொலுசைக் குழந்தையின் இரு உள்ளங்கைகளிலும் கிடத்தி, ஓசை வராமல் கோட்டின் மேல் நடந்துவரச் சொல்வேன். நடப்பவர் ஒருவர்தான். ஆனால் ஓசை வருகிறதா என்று கேட்பதற்காக மற்ற அனைவரும் மூச்சடக்கி அமர்ந்திருப்பார்கள். நாக்கைக் கடித்துக்கொண்டு, கண்ணைக் கையிலிருந்து எடுக்காமல், கட்டைவிரலைக் கோட்டின் மேல் தேய்த்துத் தேய்த்து வரும் அந்த நடையைப் பார்த்தால், ‘என் பிள்ளைக்குக் கவனமே இல்லை’ என்று சொல்லும் பெற்றோரை அழைத்துவந்து காட்டத் தோன்றும். ஓசை வந்துவிட்டால் யாரும் சிரிக்கக் கூடாது என்பது விதி. முடிந்ததும் கொலுசின் முத்துகளை எண்ணிப் பார்த்து உள்ளே வையுங்கள், முத்து கழன்றால் அடுத்த நொடி வாய்க்குள் போய்விடும்.

ஆசிரியரின் உடல்

நலக் கொள்கைகளில் பெரும்பாலும் விடுபடுவது ஆசிரியரின் சொந்த உடல். எழுத வெட்கப்படுகிறோம், குழந்தைகளுக்கான பக்கத்தில் நமக்கு என்ன இடம் என்று நினைக்கிறோம். ஆனால் இந்த வயதுக் குழந்தையால் தன் கலக்கத்தைத் தானாகத் தணித்துக்கொள்ள முடியாது. அருகிலிருக்கும் பெரியவரின் முகம், குரல், தொடும் விதம் ஆகியவற்றிலிருந்தே அது அமைதியைப் பெற்றுக்கொள்கிறது. மதியம் இரண்டு மணிக்குச் சாப்பிடாமல் நிற்கும் ஆசிரியரிடம் கொடுப்பதற்கு அமைதி இருக்காது.

குரலிலிருந்து தொடங்குங்கள். நாள் முழுவதும் கத்தினால் தொண்டை கட்டிக்கொள்வது மட்டுமன்றி, குரல்நாண்களில் நிலையான பாதிப்பும் வரலாம். வகுப்பை அழைக்கக் கத்துவதற்குப் பதிலாகக் கும்மித் தாளத்தில் கைதட்டுங்கள். குழந்தைகள் அதே தாளத்தைத் திருப்பித் தட்டும்போது அவர்களுடைய கையும் வாயும் ஒன்றாக நின்றுவிடும். ஒரு குழந்தையிடம் பேச வேண்டுமென்றால் அறையின் மறுகோடியிலிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் நடந்துசென்று பேசுங்கள். முதுகை வளைத்துக் குனிவதைவிடச் சம்மணமிட்டோ சிறு முக்காலியிலோ அமர்வது நல்லது. தூக்க வேண்டியிருந்தால் முழங்காலை மடக்கி, குழந்தையை உடலோடு ஒட்டி அணைத்துத் தூக்குங்கள்.

தண்ணீர் நேரம் குழந்தைகளுக்கு மணியடிக்கும்போது உங்களுக்கும் சேர்த்தே அடிக்கிறது. மாலையில் வீட்டுக்குப் போய்த்தான் கழிப்பறைக்குப் போவேன் என்று இருக்கும் ஆசிரியைகள் நம்மில் ஏராளம். அதனால் வரும் சிறுநீர்த் தொற்றைப் பணியின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டும் விடுகிறார்கள். ஆயாம்மாவோடு பேசி வைத்துக்கொண்டு, காலையில் ஒரு முறையும் மதியம் ஒரு முறையும் வகுப்பை அவரிடம் ஒப்படைத்துப் போய்வாருங்கள். இதே ஏற்பாடு கோபத்துக்கும் உதவும். கை ஓங்கத் தோன்றும் அளவுக்கு எரிச்சல் ஏறினால், “அக்கா, கொஞ்சம் பாத்துக்கோங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்து முகம் கழுவிக்கொள்ளுங்கள். அந்தத் தொடரின் பொருள் உங்கள் இருவருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஏன், எதற்கு என்று அவர் அப்போது கேட்கக் கூடாது. அதே சலுகை அவருக்கும் உண்டு.

சம்பளம் குறைவாகவும் வேலைநேரம் நீளமாகவும் இருக்கும் இடத்தில் மூச்சுப் பயிற்சி எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். மதிய உணவுக்கு இருபது நிமிடம் வேண்டும், இரண்டு வகுப்பை ஒருவரே பார்க்க முடியாது என்பவை நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை, தனியாக இன்றிச் சேர்ந்து கேட்க வேண்டியவை. தூக்கமின்மையோ மனச்சோர்வோ வாரக்கணக்கில் நீடித்தால், அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416இல் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

எங்கே நிறுத்திக்கொள்வது

ஆசிரியர் மருத்துவர் அல்லர். நாம் கவனித்துச் சொல்ல வேண்டியவர்கள். பெயர் சொல்லிப் பின்னாலிருந்து அழைத்தால் திரும்பாத குழந்தை, நான்கு வயதிலும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாத குழந்தை, புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோகும் குழந்தை, இடதுமேற்கையின் நடுச்சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை ஆகியோரைக் காத்திருக்காமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், சுற்றளவு 11.5க்கும் கீழே போனால் அது கடும் ஊட்டக்குறைவு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். 2013 முதல் நடைமுறையில் உள்ள தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். அது வரும் நாளுக்கு முன் உங்கள் ஐயங்களைப் பெயர்வாரியாக எழுதிவைத்தால், கூட்டத்தில் எந்தக் குழந்தையும் விடுபடாது. உடலில் காயங்களைக் கண்டாலோ, வீட்டில் துன்புறுத்தப்படுவதாக ஐயம் எழுந்தாலோ குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். பெற்றோரிடம் இவற்றைச் சொல்லும்போது நோயின் பெயரைச் சொல்லாதீர்கள், கண்டதை மட்டும் சொல்லுங்கள்.

இப்போது எழுதலாம்

மேற்சொன்னவற்றில் உங்கள் வகுப்பில் நடைமுறைக்கு வந்தவற்றை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் கண்ணால் காணத்தக்க ஒரு வாக்கியமாக எழுதுங்கள். எடுத்துக்காட்டுக்கு ஒரு பகுதி:

“என் வகுப்பில் தண்ணீர் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டியதில்லை, சொல்லிவிட்டுப் போனால் போதும். எவரையும் வாய் பிளந்து ஊட்டுவதில்லை. பெற்றோர் விடைபெறாமல் போவதை நான் ஊக்குவிப்பதில்லை. அழும் குழந்தையின் அருகில் ஒரு பெரியவர் இருப்பார். மதிய உணவுக்குப் பின் அறையின் வெளிச்சம் குறைக்கப்படும். தூங்காதவர்கள் படுத்தபடி படப்புத்தகம் பார்க்கலாம். நானும் குழந்தைகளோடு அமர்ந்து, அதே நேரத்தில் உண்கிறேன்.”

ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எழுதி முடித்ததும் முதலில் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடாமல், நாள் முழுவதும் உங்களோடு அந்த அறையில் இருக்கும் ஆயாம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். “இது நடக்கறதில்லையே டீச்சர்” என்று அவர் சொல்லும் வரியை நடக்கச் செய்யுங்கள், இல்லையேல் அடித்துவிடுங்கள். மீதியைக் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம்.